மங்கி குல்லா மாதங்கள்

உங்களுக்குப் பிடித்த மாதம் எது என்று யாராவது கேட்டால், ஒரு காலத்தில் யோசிக்காமல் பதில் சொல்வேன். மார்கழி! இப்போது அதே கேள்விக்கு, "மார்கழி நல்ல மாசம்தான்... ஆனா..." என்று இழுக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்களுக்கும் அப்படித்தானே? 'ஆஹா, என்ன குளிர்!' என்று ஒரு காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தவர்கள், இப்போது 'அய்யய்யோ, என்ன குளிர்!' என்று அதே ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். எந்த வருஷம், எந்த ராத்திரியில் இந்த மாற்றம் நடந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தலைமுடி நரைக்கிற கதைதான். ஒருநாள் கண்ணாடியில் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும்.

பொன்னேரியில் குளிரா என்று சிலர் சிரிக்கலாம். நியாயமான சிரிப்புதான். பக்கத்தில் இருக்கும் சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பர் 11ஆம் தேதி ஒருமுறை, 1905 ஜனவரி 29ஆம் தேதி இன்னொருமுறை. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த ரெக்கார்டை எந்த மார்கழியாலும் உடைக்க முடியவில்லை. டெல்லிக்காரர் 13.9 டிகிரியில் ஐஸ்கிரீம் சாப்பிடுவார். நமக்கு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பீரோவிலிருந்து ஸ்வெட்டர், அதனோடு நாலு பாச்சை உருண்டை.

ஒரு ஜனவரி மாதம். கவரைப்பேட்டை பக்கம் ஒரு டீக்கடை. விடியற்காலை ஐந்தரை மணி. நான் மங்கி குல்லா, ஸ்வெட்டர், காதில் பஞ்சு சகிதம் சந்திர மண்டலத்துக்குக் கிளம்பியவன் போல நிற்கிறேன். பக்கத்தில், கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஒரு கம்பெனிக்கு காலை ஷிஃப்ட் போகிற பீகார் பையன். வெறும் பனியன். என் கோலத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெரிந்த தமிழில் சொன்னான்:

"அண்ணா, இது குளிர் இல்லே. இது ஃபேன்."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பையனுக்கு இருபது வயசு இருக்கும். இருபது வயசில் நானும் மார்கழியில் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கியவன்தான்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் வெட்கப்படவே இல்லை. வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்து, அதில் இரண்டைப் பனிக்கே எழுதி வைத்தார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அதுவும் குளிர்தான். பனிக்கட்டியையே பார்த்திராத ஊரில், வருஷத்தில் பாதி குளிர்காலம்! போதாததற்கு, 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பழமொழி வேறு. எந்தக் கிழவன் சொல்லிவிட்டுப் போனானோ, கண்டிப்பாக அவனுக்கு நாற்பது தாண்டியிருக்கும்.

ஆனால் எப்படிக் காதலித்தேன் தெரியுமா அந்தக் குளிரை!

எங்கள் ஊர் ஆரணி ஆற்றங்கரை ஊர். ஆறு இங்கிருந்து பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. சுற்றிலும் சம்பா நெல். மார்கழியில் கதிர் பிடித்து நிற்கும். விடிகாலையில் அக்கவுண்டன்சி டியூஷனுக்கு சைக்கிளில் போவேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பனி, இடுப்பளவு உயரத்துக்கு வயல்மேல் படுத்துக் கிடக்கும். பனைமரங்கள் காலில்லாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். எங்கேயோ கும்மிடிப்பூண்டி ரயில் ஹாரன் அடிக்கும். ரயில் தெரியாது, வெளிச்சம் மட்டும் மஞ்சளாக வரும். வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதினால் ஆவி. சிகரெட் பிடிக்காமலே ரஜினி!

தெருவில் சாணி உருண்டைமேல் பூசணிப் பூ. பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல். நெய் உள்ளங்கையில் வழிந்து உறையும். அந்தப் பொங்கலின் ருசிக்குப் பாதிக் காரணம் மிளகு, மீதிக் காரணம் குளிர் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இதே பொங்கலைச் சித்திரை மாதம் ஹோட்டலில் சாப்பிட்டுப் பாருங்கள். தூக்கம் வருமே தவிர பக்தி வராது.

எல்.என். அரசுக் கல்லூரியில் பி.காம். படித்தபோது இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு பேர் சேர்ந்து இருட்டிலேயே பழவேற்காட்டுக்கு சைக்கிள் மிதிப்போம். எதற்கு? பூநாரை பார்க்க. குளிர்காலத்தில்தான் அவை ஏரிக்குக் கூட்டமாக வரும். கணுக்கால் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். உடம்புச் சூடு வீணாகாமல் இருக்கத்தான் ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொள்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. நாங்கள் நாலு பேரும் அரைக்கை சட்டையோடு, பல் கிடுகிடுக்க நின்று அதைப் பார்ப்போம். பறவைக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் பறவைக்கு இருந்திருக்காது!

அப்பேர்ப்பட்ட காதல் எப்படிப் போனது?

முதலில் ஃபேன். ஐந்தில் ஓடியது மூன்றுக்கு வந்தது, மூன்று ஒன்றானது. இன்றைக்கு எங்கள் வீட்டில் தினசரிப் பஞ்சாயத்தே ரெகுலேட்டர்தான். பையனுக்கு ஐந்து வேண்டும், எனக்கு ஆஃப் வேண்டும். நடுவில் என் மனைவி ஐ.நா. சபை. அடுத்து குதிகால். பாளம் பாளமாக வெடித்து, போர்வையில் மாட்டி இழுக்கும். அப்புறம் முழங்கால். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் பத்து அடி, நடை பழகும் குழந்தை மாதிரிதான்.

எங்கள் அம்மா இதற்கெல்லாம் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறாள். தேங்காய் எண்ணெய் பாட்டில். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும். காலையில் பாட்டில் வெள்ளையாகக் கட்டியிருந்தால் எங்கள் வீட்டில் பனிக்காலம் அதிகாரபூர்வமாக ஆரம்பம். பாட்டிலை அடுப்போரம் வைத்து இளக்கின பிறகுதான் தலைக்கு எண்ணெய். இப்போது என் முழங்காலும் அந்த எண்ணெய்க் கட்சியில் சேர்ந்துவிட்டது. வெயில் வந்தால்தான் இளகுகிறது.

தெரிந்த டாக்டரிடம் புலம்பினேன். அவர் எளிமையாக விளக்கினார். வயசு ஏற ஏற தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு குறைகிறது. அதுதான் நமக்குப் பிறவியிலேயே வந்த ஸ்வெட்டர். (தொப்பை இருக்கிறதே டாக்டர் என்றேன். அது வேறு கணக்கு என்றார்.) சதையும் குறைகிறது. உடம்புக்கு வெப்பம் தயாரித்துக் கொடுக்கிற அடுப்பே சதைதான். குளிர் பட்டதும் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி உள்ளே இருக்கிற சூட்டைக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சுறுசுறுப்பும் வயசானால் போய்விடுகிறது. ஆகவே, குளிர் அதிகமாகவில்லை ஸார், நம் அடுப்பு அணைய ஆரம்பித்திருக்கிறது.

விளக்கம் சரிதான். ஆனால் நான் குளிரைவிட்டு விலகியதற்கு முழங்கால் பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்கிறேன்.

நான் பனியில் சைக்கிள் ஓட்டிய அதே வருஷங்களில், அதே வீட்டில், இன்னொரு மார்கழியும் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் மார்கழி. அவர் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். தவிட்டுத் தூசியும் உமித் தூசியும் முப்பது வருஷம். மற்ற மாதங்களில் லேசான இருமல். ஐப்பசி பிறந்துவிட்டால் இழுப்பு. ராத்திரி இரண்டு மணிக்குமேல் ஆரம்பிக்கும். படுக்க முடியாது. இரண்டு தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பார். டெரிஃபிலின் மாத்திரை, தூதுவளை ரசம், அம்மாவின் கை முதுகில். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கம்பளிக்குள் சுருண்டு ராஜ தூக்கம்.

இழுப்புக்காரர்களுக்குப் பின்னிரவும் பனிக்காலமும் சேர்ந்தால் ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று மூச்சுக் குழலைச் சுருக்கும். அதோடு, பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பும்போது புகையும் கூடவே போய்விடும். பனிக்கால ராத்திரியில் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. விறகடுப்பு, செங்கல் சூளை, லாரி, தொழிற்சாலை என்று எல்லாப் புகையும் வெளியேற வழியில்லாமல் மூக்கு உயரத்திலேயே நிற்கும். 2018 போகிப் பண்டிகை ஞாபகம் இருக்கிறதா? பழைய பாயும் டயரும் எரித்த புகை, பனியோடு கலந்து, சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின. அவ்வளவு பெரிய விமானத்துக்கே வழி தெரியவில்லை என்றால், நுரையீரல் எம்மாத்திரம்?

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், இரட்டைப் பதிவு முறை என்று. ஒரு பக்கம் வரவு வந்தால், இன்னொரு பக்கம் எங்கேயோ பற்று எழுதியாக வேண்டும். எனக்குக் கிடைத்த மார்கழிக்கும் அப்படி ஒரு பற்று இருந்தது. நான் எழுந்திருக்கும்போது அண்டாவில் வெந்நீர் தயாராக இருக்கும். அதற்காக நாலு மணிக்கே கொல்லைப்பக்கம் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தவள் அம்மா. நான் டியூஷனுக்குக் கிளம்பும்போது, "டேய், தலைக்கு எதனா கட்டிக்கினு போடா" என்று வாசல் வரைக்கும் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அவள் தலையில் துண்டு இருக்காது. முந்தானைதான்.

யோசித்துப் பார்த்தால், குளிரை ரசிப்பதற்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தர் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. சின்ன வயசில் நம் உடம்புக்குள்ளேயே ஒரு அடுப்பு, வெளியே அம்மா மூட்டிய அடுப்பு. இரண்டு அடுப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் குளிரைக் காதலிக்கலாம்.

இதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருத்தர் பார்த்திருக்கிறார். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒன்று, நக்கீரர் பாடியது. 188 வரியும் குளிர்காலம்தான். மழையில் நனைந்த இடையர்கள் கைகளைத் தீயில் காட்டி நடுங்குகிறார்கள். ஆடு மாடு மேய்ச்சலை மறக்கிறது. ஊருக்குள் புறா இரை தேடப் போகவில்லை, விசிறியைத் தொடுவார் இல்லை, சந்தனக் கல் சும்மா கிடக்கிறது. அரண்மனைக்குள் ராணி, கணவன் பக்கத்தில் இல்லாமல் தூக்கமின்றி இருக்கிறாள். ராஜாவோ பாசறையில், நடுராத்திரித் தூறலில், காயம்பட்ட வீரர்களைப் பார்த்து விசாரித்துக்கொண்டு போகிறான். அடித்தது ஒரே வாடைக்காற்று. ஆளுக்கு ஆள் அது எத்தனை விதமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

டிசம்பர் மாதமும் முன்பு மாதிரி இல்லை. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி. எங்கள் பழவேற்காடு கரையோரக் குப்பங்களுக்குள்ளும் கடல் வந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று எங்கள் ஊரில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பூசணிப் பூவும் வெண்பொங்கலும் நினைவுக்கு வந்த மாதத்தில், முதலில் கண் போவது வானிலை அறிவிப்புக்கு. அரை நூற்றாண்டை நெருங்கிவிட்டால் காலண்டரில் எந்தத் தாளும் சும்மா இருப்பதில்லை.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு வாக்கியம் சொல்வார்கள். படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், பார்த்துவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, குரலைத் தாழ்த்திச் சொல்வது: "இந்தப் பனி தாண்டிட்டா தேவலை."

சின்ன வயசில் இதைக் கேட்டால் மூடநம்பிக்கை மாதிரி இருக்கும். இல்லையாம். 2015ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 13 நாடுகள், 384 இடங்கள், 7 கோடியே 40 லட்சம் மரணங்கள். அதில் வெப்பத்தின் கணக்கில் வந்தவை 0.42 சதவீதம். குளிரின் கணக்கில் 7.29 சதவீதம். இன்னொன்று, இந்த மரணங்களில் பெரும்பகுதி உறைபனிக் கொடுங்குளிரில் வந்தவை அல்ல. மிதமான, ஆளைப் பயமுறுத்தாத குளிரில் வந்தவை. அந்த 13 நாடுகளில் இந்தியா இல்லை. ஆனாலும் படித்தபோது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது காதில் கேட்டது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். பனியனோடு நின்ற பையனுக்கு அது ஃபேன். எண்பதை நெருங்குகிறவருக்கு அப்படி இல்லை.

அப்பா தை மாதம் போனார். பொங்கல் முடிந்து, தெருவில் கரும்புச் சக்கை காய்ந்துகொண்டிருந்த நாட்களில். நூறு மாத்திரை வாங்கி வைத்திருந்ததில் பாதி மீதி.

அலுவலகக் கணக்கெல்லாம் மார்ச் 31ல் முடிகிறது. வயசானவர்கள் இருக்கிற வீட்டுக் கணக்கு மாசி கடைசியில் முடிகிறது. அதுவரைக்கும் மனசு ஒரு ஓரத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. பொன்னேரி வீட்டில் தம்பியோடு இருக்கிறாள். தம்பிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. காலை ஷிஃப்ட் வாரத்தில் அஞ்சு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். அவனுக்காக நாலு மணிக்கு எழுந்து டீ போடுகிறாள். "கேஸ் அடுப்புதானே, இன்னா கஷ்டம்" என்பாள். கீசர் வாங்கி மாட்டியிருக்கிறோம். கரண்ட் பில் ஏறும் என்று தனக்கு மட்டும் போட்டுக்கொள்ள மாட்டாள். தரையில் படுக்காதே என்றால், "கட்டில்ல தூக்கம் வரலடா." ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தால் பேத்திக்குப் பெரிசானதும் ஆகும் என்று மடித்து வைப்பாள். மங்கி குல்லாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "அத்த நீயே மாட்டிக்கினு திரி. பாக்கிறவன் சிரிக்கப் போறான்."

ஆகவே பனிக்காலத்தில் நான் முன்னைவிட அடிக்கடி ஊருக்குப் போகிறேன். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். மீஞ்சூர் தாண்டினால் ஜன்னலில் இப்போதும் அங்கங்கே வயல், அதன்மேல் அதே பனி. அழகாகத்தான் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எதிர் சீட்டில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் செல்போனில் அதைப் படமெடுத்து, "செம க்ளைமேட்ல?" என்கிறார்கள். அனுபவிக்கட்டும். அவர்கள் வீட்டில் யாரோ வெந்நீர் வைத்திருப்பார்கள். நான் அந்தப் பனியைப் பார்க்கும்போது, அம்மா இன்றைக்கு வாசல் தெளிக்க வெறுங்காலோடு போனாளா, செருப்புப் போட்டுக்கொண்டாளா என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். போட மாட்டார். பரவாயில்லை, கீசர் ஸ்விட்சையாவது நீங்களே போட்டுவிடுங்கள். அதிகாலை வாக்கிங்கைத் தை, மாசியில் மட்டும் வெயில் வந்த பிறகு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். திட்டுவார். திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

மாசி முடியப்போகிற சமயத்தில், வருஷா வருஷம், அம்மாவிடமிருந்து ஒரு போன் வரும். சாயங்காலம் பேசுகிறவள் அன்றைக்குக் காலையிலேயே கூப்பிடுவாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே பேசுகிறாள் என்று குரலிலேயே தெரியும்.

"டேய், எண்ணெய் இளகிச்சுடா. அடுப்பாண்ட வெக்கவே இல்ல, தானா இளகிச்சு."

அவ்வளவுதான். அப்புறம் புளி விலை, தம்பியின் ஓவர்டைம் என்று பேச்சு எங்கேயோ போய்விடும். நான் "உம்" கொட்டிக்கொண்டே இருப்பேன். அந்த வருஷத்துக் கணக்கு டேலி ஆகிவிட்டது.